செத்த மயிலும் பில் இல்லாத குருணையும்

கேள்வி: பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கல் பக்கம் ஒன்றரை ஏக்கரில் ராகியும் ஊடே அவரையும் விதைத்திருக்கிறேன். நேற்றுக் காலை வரப்போரம் ஒரு ஆண் மயில் செத்துக் கிடந்தது. உடம்பில் காயமே இல்லை, தோகை அப்படியே இருக்கிறது. புதைக்க மனசு வராமல் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்திருக்கிறேன். தோலைப் பதப்படுத்தி உயிரோடு இருப்பதுபோலப் பாடம் பண்ணிக் கொடுக்க ஆள் இருக்கிறது என்கிறான் மச்சான். நாம் கொல்லவில்லையே, தானாகச் செத்ததுதானே, வீட்டில் வைத்தால் தப்பா? பின்குறிப்பு: விதைக்கும்போது கடைக்காரர் கொடுத்த குருணை (மணி மணியாக இருக்கும் பூச்சிமருந்து) கொஞ்சம் தூவினேன். அவரைக்கு அது போதுமா?

பதில்: தப்புதான். இது அச்சில் வரும்வரை பொறுக்க முடியாது என்று உங்களை ஃபோனில் பிடித்து, உடனே வனத்துறைக்குச் சொல்லச் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. 39ஆம் பிரிவுப்படி, செத்துக் கிடந்தாலும் அது அரசாங்கச் சொத்து. கையில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் போலீசிலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். எழுத்தில் அனுமதி இல்லாமல் வைத்துக்கொள்ளவோ, கைமாற்றவோ, அழிக்கவோ கூடாது. மீறினால் குறைந்தது 3 வருஷம், அதிகம் 7 வருஷம் சிறை. மைசூரில் வான் இங்கன் குடும்பம் மகாராஜாக்களின் புலிகளைப் பாடம் பண்ணிய காலம் மலையேறிவிட்டது. மச்சானுக்குத் தெரிந்த ஆள் மாட்டினால் உங்கள் பெயரைத்தான் முதலில் சொல்வார். தானாக உதிர்ந்த தோகைக்கு விலக்கு உண்டு. பிணத்திலிருந்து பிடுங்கியதற்கு அந்தச் சாக்கு சொல்ல முடியாது.

என் தூக்கத்தைக் கெடுத்தது உங்கள் பின்குறிப்பு. விரல்கள் மடங்கி இறுகியிருந்தன, இரைப்பை புடைத்திருந்தது என்று ஃபோனில் சொன்னீர்கள். நாள்பட்ட நோயில் சாகிற பறவை பெரும்பாலும் தீனி எடுக்காமல் இளைத்துச் சாகும். தின்றது இரைப்பையிலேயே நிற்க விழுந்திருந்தால் நான் முதலில் நஞ்சைத்தான் சந்தேகிப்பேன். பிரேதப் பரிசோதனை வேறு மாதிரியும் சொல்லலாம். குருணை போட்டதை மட்டும் மறைக்காதீர்கள். விஷம் வைத்துக் கொல்வதும் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். ஒளித்தீர்களோ, வேண்டுமென்றே வைத்ததாகத்தான் நினைப்பார்கள்.

அது என்ன குருணை? காகிதப் பொட்டலம், லேபிள் இல்லை, பில் இல்லை. போரேட் என்கிற கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்தாக இருந்தால், அது 2020 டிசம்பர் 31 முதல் நாட்டிலேயே தடை. கடைக்காரருக்குப் பயிர் தெரியாதய்யா, எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்பதுதான் தெரியும். பில் கேட்டதும் முகம் சுளிக்கிற கடையில் உப்புகூட வாங்காதீர்கள்.

மானாவாரி ராகிக்கும் அவரைக்கும் விதைப்பில் குருணை வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். அவரையில் நீங்கள் பயப்படுகிற காய்ப்புழு பூவும் பிஞ்சும் வரும்போது வருவது. விதையோடு போட்ட மருந்து அதுவரை அங்கே காவல் காத்துக்கொண்டா இருக்கும்? மண்ணின் மேல் கிடக்கிற குருணை பார்வைக்குப் பொடிக்கல். தீனியை அரைக்கப் பொடிக்கல் பொறுக்குவது பறவைகளின் வழக்கம். கல்லோடு இதையும் கொத்திவிடும். மயிலோடு நிற்காது. உங்கள் நாட்டுக்கோழியும் அதே வரப்பில்தான் மேய்கிறது. செத்ததைக் கடிக்கிற நாய்க்கும் அது போய்ச் சேரும்.

அடுத்த பட்டத்தில் அவரை விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (விதையை அழுகலிலிருந்து காக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து, விதை வெளியே தெரியாமல் மூடி விதையுங்கள். இரண்டு இலை விடும்வரை விடியற்காலையும் சாயங்காலமும் ஆள் நிற்கட்டும். மயில் இறங்குவது பெரும்பாலும் அந்த நேரங்களில்தான். பளபளக்கும் ரிப்பன் சில நாள் மிரட்டும், பழகிவிட்டால் அதன் கீழேயே மேயும். இடம் மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

பொட்டலத்தில் மிச்சம் இருந்தால் வெறுங்கையால் தொடாமல் டப்பாவில் மூடி, உங்கள் ஹோப்ளியின் (தாலுகாவின் உட்பிரிவு) ரைத்த சம்பர்க்க கேந்திரத்தில், அதாவது அரசின் விவசாயிகள் உதவி மையத்தில், காட்டுங்கள். அதுவரை மாட்டுத் தீவனம் வைக்கிற கொட்டகையில் வைக்காதீர்கள்.