நாடக ஒப்பனைக்குச் சாயக் குச்சி கொண்டுவந்த லுட்விக் லைக்னர் யார்?

அடிப்படையில் அவர் ஒரு பாடகர். 1836-இல் பிறந்த ஜெர்மானியர். இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகங்களில் பாடியவர், வேதியியலும் தெரிந்தவர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் அதிர்ஷ்டம் என்பேன்.

அன்றைய மேடை ஒப்பனையில் ஈய வெள்ளை சகஜம். முகத்துக்கு நல்ல வெளுப்பு தரும், ஆனால் விஷம். தினமும் பூசுபவரின் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். லைக்னர் ஈயம் இல்லாமல், கொழுப்பில் குழைத்த சாயத்தைக் குச்சி வடிவில் தயாரித்து, 1873-இல் பெர்லினில் தொழிற்சாலை தொடங்கினார். கொழுப்புச் சாயத்தை அவருக்கு முன்பே சில நடிகர்கள் கையாலேயே குழைத்துக்கொண்டதுண்டு. அதைக் கடையில் வாங்கும் சரக்காக்கியதுதான் இவர் சாமர்த்தியம்.

சரி, எப்படிப் பூசுவார்கள்? முகத்தில் லேசாக க்ரீம் தடவி, குச்சியால் அங்கங்கே கோடு இழுத்து, விரலால் தேய்த்துப் பரப்புவார்கள். அப்புறம் மேலே பவுடர். வியர்வையில் சட்டென்று கரையாது.

ஒவ்வொரு நிறக் குச்சிக்கும் ஓர் எண் இருந்தது. தந்த நிற 5-ஐயும் செங்கல் சிவப்பு 9-ஐயும் கலந்தால் மேடை வெளிச்சத்துக்கேற்ற சரும நிறம் வரும். லைக்னர் 1912-இல் காலமானார். பிரிட்டிஷ் நடிகர்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த ‘ஐந்தும் ஒன்பதும்’ கலவையைத்தான் பூசிக்கொண்டிருந்தார்கள்.