வகுப்புல உக்காந்தா மனசு பாம்பனுக்கு ஓடுதுன்னு கேட்ட தம்பிக்கு

தண்ணீர்ப் பொறியியல் படிக்க ஜெர்மனி வந்திருக்க. வகுப்புல கவனம் நிக்கல, அப்பா வாங்குன கடனை நெனச்சா புத்தகத்தையே தொட முடியலைன்னு எழுதியிருந்த.

கடனை முன்னால வச்சுப் படிக்க உக்காராத தம்பி. பயந்து தொறக்குற புத்தகத்தை மனசு சீக்கிரம் மூடப் பாக்கும். மூடுன உடனே ஒரு நிம்மதி வருதுல்ல, அதுதான் மறுநாளும் தள்ளிப்போட வைக்குது. உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்குன ‘ஆக்ட்’ங்கிற மனநலச் சிகிச்சை முறையில இலக்கையும் விழுமியத்தையும் பிரிச்சுத்தான் பாப்பாங்க. டிகிரி, வேலை, கடனை அடைக்கிறது எல்லாம் இலக்கு. கைக்கு வர வருசக்கணக்காகும். விழுமியம்னா உனக்கு எது முக்கியம்ங்கிறது, அதுக்கேத்தபடி இன்னைக்குச் சாயங்காலமே நடக்கலாம். “நம்ம கடலோரத்துல கெணத்துத் தண்ணி ஏன் உப்பாகுதுன்னு ஊர்க்காரங்களுக்கு விளங்குற மாதிரி சொல்லத் தெரியணும்”, இப்படி ஒரே வரி, தமிழ்ல, உன் சொல்லுல எழுது. “நல்லாப் படிக்கணும்”னு எழுதுனா உதவாது. அதை வச்சு இன்னைக்கு எந்தப் பக்கத்தைத் தொறக்கணும்னு தெரியாது.

அந்த வரியை நோட்டு மேல வச்சிட்டு, போனை அடுத்த ரூம்ல வை. ரெண்டு காலும் தரையில படியட்டும், 3 நிமிசம் மூச்சைக் கவனி. அப்புறம் 25 நிமிசம் படி. வீட்டு நெனப்பு வந்தா விரட்டாத, “வீட்டு யோசனை”ன்னு ஓரத்துல குறிச்சிட்டு விட்ட வரிக்கே வா. இருபது தடவை வந்தாலும் சரி, திரும்பி வர்றதுதான் பயிற்சி. நங்கூரம் போட்ட வள்ளமும் ஆடத்தான் செய்யும். மனசு வெறுமையாகணும்னு எதிர்பாக்குறவங்கதான் ஒரு வாரத்துல விட்டுடுறாங்க.

இங்க பல வகுப்புல வருகைப் பதிவு கிடையாது, பரீட்சை கடைசியில மொத்தமா வரும். அதனால பின்தங்குறது கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட்னு உழைப்பைக் கணக்குப் போட்டுப் புள்ளி இருக்கும், 1 கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் பாடம்னா வகுப்பையும் சேத்து 125 முதல் 150 மணி நேரம். வாராவாரம் கணக்கு வச்சுக்க.

இன்னொண்ணு. நம்ம ஊர்ப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் மீன்பிடித் தடை, இங்க கோடை செமஸ்டரும் அதே நேரம்தான் ஓடும். பணக் கஷ்டப் பேச்சு வீட்டுலருந்து அப்பத்தான் அதிகமா வரும். போனுக்கு ஒரு நேரம் வை: கோடையில இங்க 5.30 மணின்னா ஊர்ல ராத்திரி 9. அதுக்கு முன்னாடியே படிப்பை முடிச்சிரு.

ரெண்டு வாரமா தூக்கமோ சாப்பாடோ சரியில்லைன்னா மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்பி இருக்காத. இங்க மாணவர் நலச் சங்கத்துல (Studierendenwerk) மனநல ஆலோசகர் இருப்பாங்க, பெரும்பாலும் இலவசம். ஆங்கிலத்துல பேசலாமான்னு முன்னாடியே மெயில்ல கேட்டு நேரம் வாங்கு. காத்திருக்க வேண்டி வரலாம், அதனால இன்னைக்கே எழுதிப் போடு.