இங்கிலாந்து பப்புகளில் 'ரியல் ஏல்' என்கிறார்களே, அது என்ன?

பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் பீர்தான் ரியல் ஏல். இவ்வகை பீரைக் காக்க 1971-இல் தொடங்கிய 'காம்ரா' என்ற நுகர்வோர் இயக்கம் பரப்பிய பெயர் இது. ஈஸ்ட்டை வடிகட்டாமல், சூடேற்றிக் கொல்லாமல், உயிரோடு பப்பின் நிலவறைக்கு அனுப்புவார்கள். மிச்சமுள்ள சர்க்கரையை அது அங்கே தின்னும்போது பிறக்கும் கரியமில வாயுதான் அந்த மெல்லிய நுரை. வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை.

அரைத்து வைத்த தோசை மாவு தானே பொங்குவதைப் போலத்தான். மாவைப் போலவே ஆயுளும் குறைவு. ஊற்ற ஊற்றப் பீப்பாய்க்குள் காற்று புகுவதால், திறந்து மூன்று நாளில் சுவை மங்கிப் புளிப்பு ஏறும். 9 கேலன் பீப்பாயில் 72 பைன்ட், அதாவது 72 பெரிய கிளாஸ்; அவ்வளவும் அதற்குள் விற்றாக வேண்டும். ஆகவே ஈ ஓட்டும் பப்பில் எட்டு வகை இருப்பதைவிட, கூட்டமுள்ள பப்பில் இரண்டே வகை இருப்பது மேல்.

கவுன்டரில் நிற்கும், பீரை இழுத்து ஊற்றும் நீண்ட கைப்பிடிகளைப் பாருங்கள். பெயரட்டை பின்பக்கமாகத் திருப்பியிருந்தால் அந்த வகை இப்போது இல்லை. கேட்டால் பெரும்பாலும் ஒரு வாய் ருசி பார்க்கத் தருவார்கள். வினிகர் வாடை அடித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். நல்ல பப்பில் மாற்றித் தருவார்கள். சாப்பாட்டையும் பல பப்புகளில் மேசை எண்ணைச் சொல்லிக் கவுன்டரில்தான் கேட்க வேண்டும். கசப்பான 'பிட்டர்' வகைக்கு மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' (pie) அருமையான துணை.

ரியல் ஏலை 'வெதுவெதுப்பான பீர்' என்று சிலர் சொல்வது தவறு: இதை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் தருவார்கள், ஐஸ் போலச் சில்லிட்டால் மணமே தெரியாது.