ஆள் கணக்கு போய் வேலைக் கணக்கு வந்தாச்சு

கேள்வி: சார், பெங்களூர்ல ஒரு சர்வீஸ் கம்பெனில சப்போர்ட் டீம்ல 9 வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் தலைக்கு இவ்ளோன்னு க்ளையன்ட்டுக்கு பில் போட்டோம், இப்ப அவுட்கம் பேஸ்டு, அதாவது முடிச்சுக் குடுத்த வேலைக்குத்தான் காசுன்னு மாத்திட்டாங்க. 22 பேர் டீம் 14 ஆயிடுச்சு. அடுத்து க்ளையன்ட்டே பெல்லந்தூர்ல சொந்த சென்டர் திறந்து எங்களை அங்க மாத்தப் போறாங்களாம். பயமா இருக்கு.
— வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: பயம் நியாயம்தான் தம்பி, ஆனா மாடலைப் புரிஞ்சிக்கிட்டா பாதி பயம் போயிடும். நான் சப்போர்ட்ல இருந்த காலத்துல ஒரு பில்லிங் ஜாப் (தானா ஓடி பில் போடற ப்ரோக்ராம்) தினமும் ராத்திரி 2 மணிக்கு ஃபெயில் ஆகும், நைட் ஷிஃப்ட் பையன் எழுந்து ரீஸ்டார்ட் குடுப்பான், டிக்கெட்டை, அதாவது அந்தப் புகார் பதிவை க்ளோஸ் பண்ணுவான், டீ குடிக்கப் போவான், இதே கதை வருஷக்கணக்கா ஓடுச்சு. ஏன் யாரும் சரி பண்ணல? அந்தப் பையனோட ராத்திரிக்கு க்ளையன்ட் காசு குடுத்தான், அதான். சரி பண்ணா ஒரு ஆள் பில்லு போயிடும். புது மாடல்ல அதே ரீஸ்டார்ட் உங்க கம்பெனிக்கு செலவு. அதனால அந்த ஜாப் ஏன் விழுதுன்னு கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் இனிமே மதிப்பு, 9 வருஷம் அந்த சிஸ்டத்தோட குடித்தனம் பண்ண உங்களை விட யாருக்கு அது தெரியும்?

இது நேத்து முளைச்ச ஐடியாவும் இல்ல. 2004லயே ஏர்டெல் தன்னோட ஐடி மொத்தத்தையும் 10 வருஷத்துக்கு ஐபிஎம் கிட்ட குடுத்துச்சு, வருமானத்துல ஒரு பங்குதான் கூலி. நெட்வொர்க் எரிக்சன், நோக்கியா கிட்ட, அங்க உபயோகிச்ச கெப்பாசிட்டிக்குத்தான் காசு. கஸ்டமர் கூடினா ரெண்டு பக்கமும் சம்பாதிக்கும்.

ஒரு இடத்துல மட்டும் உஷாரா இருங்க, பேஸ்லைன், அதாவது பின்னாடி உங்க வேலையை ஒப்பிட்டுப் பாக்கற ஆரம்ப அளவு. முதல் சில மாசத்துல எத்தனை டிக்கெட், எவ்ளோ நேரம்னு எழுதுறாங்களே அந்த நம்பர்தான் பின்னாடி உங்க கழுத்துல விழும். க்ளையன்ட்டோட சொந்த நெட்வொர்க் விழுந்து நின்ன நேரமும் உங்க தலையில வருதான்னு மேனேஜர்கிட்ட கேளுங்க, கூச்சப்படாதீங்க.

சொந்த சென்டர் விஷயம். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் 1985லயே இங்க சொந்த சென்டர் போட்டாங்க, இன்னிக்கு அவுட்டர் ரிங் ரோடு பூரா அதுதான், ஜிசிசின்னு (குளோபல் கேபபிலிட்டி சென்டர்) சொல்றாங்க. சர்வீஸ் கம்பெனி ஆள் எடுத்து, நடத்தி, கடைசில க்ளையன்ட் கையில குடுத்துட்டுப் போறதுக்கு பிஓடின்னு (பில்ட், ஆபரேட், ட்ரான்ஸ்ஃபர்) பேரு, உங்களுக்கு நடக்கறது அதுவா இருக்கலாம். அப்படின்னா ஆஃபர் லெட்டர்ல பழைய 9 வருஷமும் தொடர்ச்சியான சர்வீஸ்னு எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லன்னா பழைய கம்பெனி கிராஜுவிட்டியை, அதாவது சர்வீஸுக்கான பணிக்கொடையை செட்டில் பண்ணியே ஆகணும், கடைசி மாச பேசிக், டிஏ (பஞ்சப்படி) சேர்த்து 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி அதை 9ஆல பெருக்குங்க, சின்னத் தொகை இல்ல, வாய் வார்த்தையை நம்பி விட்டுடாதீங்க. பிஎஃப்க்கு அதே யூஏஎன் நம்பர் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) போதும், புதுசா ஒண்ணு எடுக்காதீங்க.

கேள்வி: பீன்யால 60 பேர் வேலை செய்ற யூனிட் வச்சிருக்கேன். ஐடி முழுக்க ஒரு வெண்டர்கிட்ட விட்டுட்டா ஆளுக்கு மாசம் இவ்ளோன்னு கேக்கறாங்க. விடலாமா?
— வாசகர், ராஜாஜிநகர்

பதில்: விடலாம்ணே, 60 பேருக்கு தனியா ஐடி ஆள் வச்சா அவர் லீவு போட்ட அன்னிக்கு எல்லாம் நின்னுடும். ஆனா டொமைன் (உங்க வெப்சைட், மெயிலோட பேரு), கிளவுட் அக்கவுன்ட், அட்மின் பாஸ்வேர்டு எல்லாம் உங்க கம்பெனி பேர்ல இருக்கட்டும். வெண்டர் பேர்ல வாங்கிட்டு அப்புறம் பிரியும்போது சொந்த மெயிலையே கெஞ்சி வாங்கின ஒரு முதலாளியைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். அக்ரிமென்ட் முடியறப்ப எத்தனை நாள்ல எல்லாத்தையும் ஒப்படைப்பாங்கன்னு எழுதி வாங்கிட்டுத்தான் கையெழுத்து போடுங்க. பேக்கப் எடுக்கறோம்னு சொன்னா ஒரு ஃபைலை அழிச்சிட்டு, உங்க கண் முன்னாடியே திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்க.