சுற்றியிருக்கும் பிள்ளைகள் எல்லாம் போட்டிருந்தால் என் பிள்ளைக்கும் தட்டம்மை ஊசி வேண்டுமா?

ஒரு வயது மகனுக்குத் தட்டம்மை ஊசி போடாமல் விட்டாலும் மந்தை எதிர்ப்பு சக்தி, அதாவது சுற்றியிருப்பவர்கள் போட்டிருப்பதால் நோய் பரவாமல் கிடைக்கும் பாதுகாப்பு, காப்பாற்றாதா என்று கேட்டுவிட்டு, "அரசு நர்ஸ் கலக்கிற மருந்தை நம்பவும் பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாள் என்று கீழே யாராவது எழுதுவார்கள், எழுதட்டும்.

முதலில் கணக்கு. எதிர்ப்பு சக்தி இல்லாதவர்கள் நடுவில் தட்டம்மை வந்த ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அவர் இருமிவிட்டுப் போன அறையில் 2 மணி நேரம் வரை கிருமி காற்றிலேயே இருக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடுவதால், காய்ச்சல் பிள்ளையைத் தள்ளி வைத்துத் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. இதை நிறுத்த 100 பேரில் 95 பேருக்காவது எதிர்ப்பு சக்தி வேண்டும். 9 மாதத்தில் போடும் முதல் ஊசி சுமார் 85 சதவீதப் பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கும், அதனால்தான் 16 மாதத்துக்கு மேல் இரண்டாவது. மிச்சம் இருக்கிற அந்த 5 இடத்துக்கும் ஆள் இருக்கிறது: 9 மாதம் நிறையாத கைக்குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை, இரண்டு ஊசி போட்டும் பிடிக்காமல் போனவர்கள். நல்ல உடம்போடு இருக்கிற உங்கள் மகனுக்கு அதில் இடம் கிடையாது.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தத் தாய்மார்களிடம் யாரும் கணக்குச் சொல்ல முடியாது. அதன்பின் ஊர் ஊராகப் போய்ப் போட்ட ஊசி நின்றது. டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கி வரவேண்டும் என்றானது. தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06 குடும்பநலக் கணக்கெடுப்பில் 81 சதவீதம், 2015-16இல் 70. அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் எல்லையில் அது எப்படி நடந்தது என்று பார்த்தேன்.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் குடும்பம். ஊசிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸும் கிடையாது. மூத்த பையனுக்கு விட்டுப்போனது. அவனுக்குக் கண்டு, அவனிடமிருந்து ஏழு மாதத் தங்கைக்கு ஒட்டியது. நான் போனபோது வாசலில் வேப்பிலை. பாட்டி, "ஆத்தா வந்திருக்கா, செருப்பக் கழட்டிட்டு வாம்மா" என்றார். கழட்டிவிட்டுத்தான் போனேன். குழந்தைக்கு மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, நிமோனியா. "வேப்பிலையை எடுக்கச் சொல்லலைங்க ஆயா, இது கண்ணு போகாம இருக்கக் குடுக்கிறது" என்று சொல்லி வைட்டமின் ஏ திரவம் ஒரு மில்லி புகட்டினேன். மறுநாள் இன்னொரு வேளை கொடுக்க வேண்டும், அதைச் சீட்டில் எழுதி 108இல் ஏற்றினேன். பிள்ளை பிழைத்தது. காதில் சீழ் மட்டும் வெகுநாள் நிற்கவில்லை. அந்தக் குழந்தைக்கு ஊசி போடும் வயதே வரவில்லை. அண்ணனுக்குப் போட்டிருந்தால் அது அவளுக்கும்தான்.

அந்த மாதக் கூட்டத்தில் மேடையில் இருந்தவர் என்னிடம் கேட்டது, பதிவேட்டில் ஏன் அந்தக் கட்டம் காலி என்று. துணை நிலையக் கட்டடம் ஒழுகுவதைச் சொன்னால் காதில் வாங்கமாட்டார்கள். பிரசவம், குடும்பக்கட்டுப்பாடு, சர்க்கரை, பிரஷர், தடுப்பூசி எல்லாம் ஒருத்தி தலையில். ராத்திரி சொந்த போனில், சொந்தக் காசு டேட்டாவில் பதிவு ஏற்ற வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை.

பசிபிக் கடலில் இருக்கும் சமோவா தீவு நாட்டிலும் இதே பயம்தான். 2018இல் நர்ஸ்கள் ஊசி மருந்துப் பொடியில் தவறான திரவத்தைக் கலந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பூசி நிறுத்தப்பட்டு, தட்டம்மை ஊசி போட்ட குழந்தைகள் 31 சதவீதத்துக்கு வந்தார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்தபோது 5,700 பேருக்குப் பரவி 83 பேர் போனார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். இரண்டு லட்சம் பேர் இருக்கிற நாடு. ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, டிசம்பரில் அலுவலகங்களைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போட்டார்கள். தவறு நடந்தது உண்மை. அந்தத் தவறால் போன உயிர் இரண்டு, ஊசி இல்லாமல் போனது 83.

புதன்கிழமை போங்கள். பொடி இருக்கும் குப்பி, அதைக் கரைக்க அதற்கென்றே வந்த திரவம் (டைலூயன்ட்), இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். கலந்த நேரம் குப்பியில் எழுதியிருக்க வேண்டும், 4 மணி நேரம் தாண்டினால் போடக்கூடாது. ஊசி புதுக் கவரிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். கேட்டால் நல்ல நர்ஸ் யாரும் கோபிக்கமாட்டார்கள். ஒரு பிள்ளைக்காகக் குப்பியை உடைக்க முடியாது, அடுத்த வாரம் வா என்றால் திரும்பாதீர்கள். ஒரே பிள்ளை வந்தாலும் உடைக்கலாம் என்பதுதான் விதி.