சிம்ப்சன்ஸ் போன்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர்களில் வரும் பகடிகளை ரசிக்க, மூலப் படங்களை முதலில் பார்த்திருக்க வேண்டுமா?

வேண்டாம். நண்பர்களோடு சேர்ந்து பார்க்கும்போது அவர்கள் சிரிக்கிற இடத்தில் உங்களுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை, பழைய ஹாலிவுட் படங்களையெல்லாம் முடித்துவிட்டுத்தான் இந்தத் தொடருக்கு வர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் பார்த்தவன். அதில் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஒரே ஒரு எபிசோடை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது சீசனின் இரண்டாவது எபிசோட், 'கேப் ஃபியர்'. 1993 அக்டோபரில் ஒளிபரப்பானது. ராபர்ட் டி நீரோ நடித்து மார்ட்டின் ஸ்கார்செசி 1991-இல் எடுத்த படத்தின் பகடி. படத்தின் ஆங்கிலப் பெயரில் கடைசியில் ஓர் 'இ' எழுத்தைக் கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சிறையிலிருந்து வெளியே வரும் சைட்ஷோ பாப், தன்னை மாட்டிவிட்ட சிறுவன் பார்ட்டைக் கொல்லத் துரத்துகிறான். குடும்பம் பெயரை மாற்றிக்கொண்டு ஓர் ஏரியில் படகு வீட்டில் போய் ஒளிகிறது. பாப் அங்கேயும் வந்துவிடுகிறான்.

கல்லூரி விடுதியில், நண்பனின் ஹார்ட் டிஸ்கில் இருந்ததை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஸ்கார்செசி யார் என்றே அப்போது தெரியாது. இருந்தும் அந்த ரேக் காட்சியில் மூச்சு முட்டச் சிரித்தேன். சருகு வாரும் ரேக்கை மிதித்தால் அதன் கம்பு எழும்பி வந்து முகத்தில் அடிக்குமே, அதேதான். பாப் ஒன்றை மிதிக்கிறான், அடி வாங்குகிறான், முனகுகிறான், திரும்புகிறான், அடுத்ததை மிதிக்கிறான். மொத்தம் ஒன்பது முறை. மூன்றாவதில் சிரிப்பு வரும், ஐந்தாவதில் போதுமே என்று தோன்றும், ஏழாவதில் மறுபடியும் அடக்க முடியாத சிரிப்பு வரும். எபிசோடின் நீளம் குறைந்துபோனதால் நேரத்தை நிரப்பத்தான் அதை அப்படி நீட்டினார்கள். ஆனால் அது வெறும் நிரப்பல் இல்லை. பாப் பெரிய படிப்பாளி, கம்பீரக் குரல், தன்னைப் பற்றி உயர்ந்த நினைப்பு உள்ளவன். அப்படிப்பட்டவனை ஒரு தோட்டக் கருவி ஒன்பது தடவை அறைகிறது. இதற்கு எந்தப் படத்தையும் பார்த்திருக்கத் தேவையில்லை. ஆளைத் தெரிந்தால் போதும்.

பரோல் விசாரணையும் அப்படித்தான். 'டை பார்ட், டை' என்று நெஞ்சில் பச்சை குத்தியிருக்கிறானே என்று கேட்கிறார்கள். இது கொலை மிரட்டல் இல்லை, ஜெர்மன் மொழி என்கிறான் பாப். அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் 'டை' என்று படித்தால் செத்துப்போ என்று அர்த்தம். ஜெர்மனில் 'டீ' என்று படித்தால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் வெறும் ஒட்டுச்சொல். ஜெர்மன் பேசுகிறவர் கெட்டவராக இருக்க முடியாது என்று நம்பி விடுதலை செய்துவிடுகிறார்கள். பச்சை குத்திய உடம்பு டி நீரோ படத்திலிருந்து வந்தது, வாதம் பாப்புடையது.

சில ஆண்டுகள் கழித்துத்தான் 1991 படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு இன்னொரு பக்கம் திறந்தது. படத்தில் டி நீரோ காரின் அடியில் தன்னைக் கட்டிக்கொண்டு, தான் பழிவாங்க வந்த வழக்கறிஞரின் குடும்பத்தோடு கூடவே பயணம் செய்கிறார். பார்க்கும்போது உறைந்துபோவோம், காட்சி நகர்ந்துவிடும். அப்படி நெடுந்தூரம் போனால் ஒரு மனித உடம்பு என்னவாகும் என்று படம் நம்மை யோசிக்கவே விடுவதில்லை. கார்ட்டூன் யோசிக்கிறது. பாப் காருக்கு அடியில் கிடக்க, பார்ட்டின் அப்பா ஹோமர் காரைக் கள்ளிக்காட்டுக்குள் ஓட்டுகிறார்! மூலப்படத்தை நுணுக்கிப் பார்த்த, அதை நேசித்த ஒருவருக்குத்தான் இந்த இடம் கண்ணில் படும் என்று நினைக்கிறேன்.

தியேட்டர் காட்சியும் அந்த ரகம். படத்தில் டி நீரோ அந்தக் குடும்பத்துக்கு முன்னால் உட்கார்ந்து சுருட்டுப் புகைத்தபடி பேய்ச் சிரிப்புச் சிரித்து அவர்களை நிம்மதியாகப் படம் பார்க்க விடமாட்டார். எபிசோடில் பாப் அதையே செய்கிறான். அவனையும் மிஞ்சுகிற அளவுக்கு ஹோமர் சுருட்டோடு சிரிக்க, பாப்புக்கே எரிச்சல் வந்துவிடுகிறது. கார்ட்டூனை முதலில் பார்த்திருந்ததால் படத்தில் அந்த இடம் வந்தபோது எனக்கு ஹோமர் ஞாபகம்தான் வந்தது. ஆனால் பயம் குறையவில்லை. அடுத்த நிமிடமே டி நீரோவின் முகம் என்னை இழுத்துக்கொண்டது.

கடைசிக் காட்சிதான் எனக்கு உச்சம். படகில் பாப்பிடம் மாட்டிக்கொண்ட பார்ட், தன் கடைசி ஆசையாக அவன் குரலைப் புகழ்ந்து 'எச்.எம்.எஸ். பினஃபோர்' முழுவதையும் பாடச் சொல்கிறான். கில்பர்ட், சல்லிவன் இருவரும் 1878-இல் மேடையேற்றிய இசை நாடகம் அது. பாப் மயங்கிப் பாடுகிறான், ஒவ்வொரு பாட்டாக. பாடி முடிப்பதற்குள் படகு ஏரியை விட்டு ஆற்றோடு மிதந்து போலீஸ் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது. அந்த நாடகத்தின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. கொலை செய்ய வந்தவன் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டான் என்பது மட்டும் புரிந்தது, அது போதுமானதாக இருந்தது. பிறகு மூலப்படத்தில், நீரில் மூழ்கும்போது டி நீரோ கிறிஸ்தவப் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டே மூழ்குவதைப் பார்த்தேன். அங்கே பாடலில் வெறி. இங்கே தற்பெருமை. எழுதியவர்கள் அதை மனதில் வைத்துத்தான் செய்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

1991 படமே ஒரு மறு ஆக்கம்தான். ஜான் டி. மெக்டொனால்ட் 1957-இல் எழுதிய நாவலை வைத்து 1962-இல் முதல் படம் வந்தது. கிரெகரி பெக் வழக்கறிஞர், ராபர்ட் மிட்சம் வில்லன். ஸ்கார்செசி அந்த இருவரையும் தன் படத்தில் வேறு வேடங்களில் நடிக்க வைத்தார். பெர்னார்ட் ஹெர்மனின் பழைய இசையை எல்மர் பெர்ன்ஸ்டீன் புதிய படத்துக்காகத் திருத்தி அமைத்தார். அந்த மிரட்டும் நான்கு சுரங்கள் கார்ட்டூனுக்கும் வந்து, இன்றைக்குப் பாப் எட்டிப்பார்த்தாலே ஒலிக்கிற இசையாக நிலைத்துவிட்டன.

இரண்டு படங்களையும் பார்த்த பிறகும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பாப்பின் விரல் முட்டிகளில் ஒரு கையில் 'லவ்', இன்னொரு கையில் 'ஹேட்' என்று பச்சை குத்தியிருக்கும். இந்தத் தொடரில் எல்லாருக்கும் ஒரு கைக்குக் கட்டைவிரலோடு சேர்த்து நான்கே விரல்கள். நான்கு எழுத்துச் சொல்லுக்கு மூன்று முட்டிகள்தான் உண்டு என்பதால் எழுத்துக்கூட்டலைச் சுருக்கியிருப்பார்கள். டி நீரோவுக்கு விரல்களில் அப்படி எதுவும் இல்லை. தேடிப்போனால், 1955-இல் சார்ல்ஸ் லாட்டன் இயக்கிய 'த நைட் ஆஃப் த ஹன்டர்' படத்தின் போலிப் பாதிரியின் கைகள் அவை. அந்தப் பாதிரியாக நடித்தவரும் அதே மிட்சம்! சில விநாடி தெரியும் ஒரு பச்சைக்குள் மிட்சமின் இரண்டு வில்லன்களையும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாப் பகடியும் இப்படி இருக்காது, சரி. கதையை நிறுத்திவிட்டு ஒரு படத்தின் பெயரையோ நடிகரின் முகத்தையோ காட்டிவிட்டுப் போகிற துணுக்குகள் 'ஃபேமிலி கை' என்ற இன்னொரு கார்ட்டூன் தொடரில் நிறைய வரும். அவை தெரிந்தவருக்கு மட்டும்தான். அங்கே புரியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை.

ஆன் வாஷ்பர்ன் எழுதிய 'மிஸ்டர் பர்ன்ஸ்' என்ற நாடகம் 2012-இல் அரங்கேறியது. மின்சாரமே இல்லாமல் போன அமெரிக்காவில், உயிர் பிழைத்தவர்கள் தீ மூட்டி உட்கார்ந்து இந்த எபிசோடைத்தான் ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு வசனமாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். ஏழு ஆண்டுகளில் அதை நடித்துக்காட்டும் குழுக்கள் வந்துவிடுகின்றன. அதற்கு 75 ஆண்டுகள் கழித்து அது ஓர் இசை நாடகமாகிவிடுகிறது. அங்கே டி நீரோ படத்தைப் பார்க்க யாருக்கும் வழியே இல்லை.

அதனால் முதலில் எபிசோடைப் பாருங்கள். அப்புறம் 1991, அதன்பின் 1962. 1955 படத்தை மட்டும் ராத்திரியில், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்தப் பாதிரியிடமிருந்து தப்பி இரண்டு குழந்தைகள் படகில் ஆற்றோடு மிதந்து போகும் காட்சி ஒன்று அதில் வரும்.