‘யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்!’

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, டியூஷன் எடுக்கும் உறவினர் தன்னிடம் தவறாக நடப்பதாக அழுதாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கெஞ்சுகிறாள். “முதல்ல நாமளே விசாரிப்போம்” என்கிறார் தலைமை ஆசிரியர். நான் என்ன செய்ய?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

விசாரணை பள்ளியின் வேலையே இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, விஷயம் தெரியவந்த எவரும் போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தலைமை ஆசிரியரின் அனுமதி உங்களுக்குத் தேவையில்லை. நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உங்கள்மீது வழக்குப் போடவும் முடியாது.

‘சொல்ல மாட்டேன்’ என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். “உன்னைக் காப்பாத்த முடியிறவங்ககிட்ட மட்டும் சொல்லணும்மா. யார்கிட்டன்னு உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்” என்பது போதும்.

கேட்பது ஒரே தடவை. “அங்க தொட்டாரா?” என்று நீங்களே எடுத்துக் கொடுக்காமல், “அப்புறம் என்னம்மா ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். அன்றே தேதி, நேரம் போட்டு அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ‘மாமா கதவைத் தாழ்ப்பாள் போட்டாங்க’ என்றால் அப்படியே இருக்கட்டும். அதை ‘தகாத முறையில் நடந்துகொண்டார்’ என்று திருத்தினால், எழுதியது நீங்களா அவளா என்ற சந்தேகம் கோர்ட்டில் கிளம்பும்.

பல பள்ளிகள் சறுக்குவது இங்கேதான். டீச்சர், ஹெச்.எம்., பெற்றோர் ஆசிரியர் கழகம் என ஆளாளுக்குக் கேட்பார்கள். ஐந்தாவது முறை சொல்லும்போது ஒரு விவரம் மாறிப்போகும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அந்த உறவினரைக் கூப்பிட்டு ‘விளக்கம்’ கேட்பது இன்னும் மோசம். சாயங்காலத்துக்குள் போனில் இருந்தவை அழியும். மறுநாள் பிள்ளை “சும்மா சொன்னேன் மிஸ்” என்பாள்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். ஆள் குடும்பத்துக்குள்ளேயே இருப்பதால், வீட்டில் யாரிடம் முதலில் சொல்வது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். அவள் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் கேட்கும் இடத்திலோ, கூடியவரை பெண் எஸ்.ஐ. ஒருவர், சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்வதும் பெண் டாக்டர்தான். சம்பவம் ஓரிரு நாளுக்குள் நடந்திருந்தால் துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கி தடயம் கெட்டுவிடும்.

போக்சோ ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்துமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பொருந்தும். 18 வயது நிறையாத எல்லாரும் அந்தச் சட்டத்தில் குழந்தைகளே.

16 வயது மகன் இன்ஸ்டாகிராமில் பழகிய யாருக்கோ தன் அந்தரங்கப் படத்தை அனுப்பிவிட்டான். இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறார்கள்.
– ஒரு தாய், கோவை

பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் தொகைதான் ஏறும். ஆத்திரத்தில் சாட் உரையாடலை அழித்துவிடவும் வேண்டாம். மிரட்டல் வரிகள், அந்தக் கணக்கின் பெயர், கேட்ட யு.பி.ஐ. ஐ.டி. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். ஆதாரம் காட்டுவதற்காக என்றாலும் அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். சிறுவர்களின் இத்தகைய படத்தைப் பரப்புவதே குற்றம்.

மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் புகார் பதியுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். இணையத்திலிருந்து படத்தை நீக்க உதவும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண் மட்டும் போகும். இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

திட்டுவதையெல்லாம் தள்ளிவையுங்கள். பிள்ளைகள் விபரீத முடிவுக்குப் போவது மிரட்டல் வந்த முதல் சில மணி நேரத்தில்கூட நடக்கிறது. இன்றிரவு அவனைத் தனியே படுக்க விடாதீர்கள். பேச்சே கொடுக்காமல் இருந்தால் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.